தேனீ வராத அடுக்கரளியும் தலைப்பொங்கல் பரங்கிக்காயும்

அபிஷேகப்பாக்கம்
மார்கழி, பொங்கலுக்கு முந்தின வாரம்

என் பிரியமுள்ள மருமகள் மஞ்சுளாவுக்கு, உன் தாய்மாமன் கலியபெருமாள், இதற்கென்றே புதுப் பேனா வாங்கி, கைகால் கழுவி, கிழக்குப் பார்த்து உட்கார்ந்து எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அத்தை, பசு, கன்று எல்லோரும் சௌக்கியம். ஓசூர்க் குளிரில் நீயும் மாப்பிள்ளை தமிழ்க்குமரனும் காதை மூடிக்கொண்டு சளி இருமல் இல்லாமல் இருக்க நம்ம திரௌபதியம்மன் காவல். மாப்பிள்ளையை நான் கேட்டதாகச் சொல். கம்பெனியில் அவருக்கு மேலே இருக்கிற ஆபீசரையும் நான் கேட்டதாகச் சொல்லலாம், தப்பில்லை. என்னைத் தெரியாவிட்டாலும் சந்தோஷப்படுவார்.

போன் இருக்கும்போது எதற்குக் கடுதாசி என்று கேட்பாய். போனில் நான் விஷயத்துக்கு வருவதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அதோடு நான் போன் பேசினால் உன் அத்தை பக்கத்தில் வந்து நின்றுகொண்டு ஒவ்வொரு வார்த்தையையும் திருத்துகிறாள். இப்போது அவள் மாட்டைக் குளத்துக்கு ஓட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அந்த நேரம் பார்த்து உண்மையை உண்மையாக எழுதுகிறேன். நான் ஆறாவதோடு நின்றவன்தான், ஆனால் அந்த ஆறு வகுப்பும் இரண்டிரண்டு தடவை படித்தவன். கணக்குப் போட்டுப் பார், மாப்பிள்ளையைவிடக் குறைச்சலாக வராது.

விஷயம் இதுதான். இது உனக்குத் தலைப்பொங்கல். என் தங்கச்சி இருந்திருந்தால் கரும்பு, மஞ்சள் கொத்து, அரிசி, வெல்லம், பரங்கிக்காய் என்று சீரை அவளே கட்டியிருப்பாள். அவள் இல்லை என்பதால் உனக்குத் தாய் வீடு நாங்கள்தான். ஆவணி மாதம் நீ போனில், சீரெல்லாம் எதற்கு, இங்கே மார்க்கெட்டில் பரங்கிக்காயைத் துண்டு போட்டே விற்கிறான், வேண்டியதை வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னாய். அத்தைக்குச் சிரமம் வேண்டாம் என்றுதான் சொன்னாய், எனக்குத் தெரியும். உன் அத்தை போனை என் கையில் கொடுத்துவிட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போனாள். கூட்டிய இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டினாள். அப்புறம் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள்.

"துண்டு பரங்கிக்காய் வாங்கி தலப்பொங்கல் வெக்க, அவளுக்குத் தாய் வூடு இல்லியா?"

அன்றைக்கே கொல்லையில் குழி எடுத்து விதை ஊன்றினாள். நம் கொல்லைப் பரங்கி உனக்குத் தெரியும். பூக்கிறதில் குறை வைக்காது. காலையில் போய்ப் பார்த்தால் தரையெல்லாம் மஞ்சள் விரித்த மாதிரி இருக்கும். ஆனால் பிஞ்சு எல்லாம் வெம்பி விழுந்துவிடும். சுற்றிலும் நெல்லு, கரும்பு, சவுக்கு. இதுகளுக்குத் தேனீயும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், காத்தடித்தால் போதும். வாய்க்கால் கரையில் நின்ற புங்கனும் நாவலும் ரோடு அகலம் போட்டபோது போய்விட்டன. தேனீக்குத் தின்ன ஒன்றும் இல்லாமல் அதுவும் ஊரைவிட்டுப் போய்விட்டது. இதை நீ காலேஜில் படித்துவிட்டு வந்து சொன்னாய். நான் படிக்காமலே அதற்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டேன், வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான். அதனால் தேனீ செய்ய வேண்டிய வேலையை இத்தனை வருஷமும் உன் அத்தைதான் செய்துவந்தாள். விடிந்ததும் போய் ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவில் தடவிவிடுவாள். அதற்கு அவள் வைத்த பேர், தாலி கட்டுறது. நீ வருஷா வருஷம் தின்ற பரங்கிக்காய் எல்லாம் உன் அத்தை கையால் தாலி கட்டிப் பிறந்தவை.

இந்த வருஷம் அந்தக் கைக்குத்தான் சின்னதாக ஒன்று ஆகிவிட்டது. புரட்டாசிக் கடைசியில் பெய்த மழையில் வாய்க்கால் மேட்டில் வழுக்கி வலது மணிக்கட்டு ஒடிந்து மாவுக்கட்டு போட்டார்கள். பயப்படாதே, இப்போது கட்டெல்லாம் பிரித்தாகிவிட்டது. உன்னிடம் சொல்லக்கூடாது என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். சொல்லக்கூடாது என்றுதான் வாங்கினாள், எழுதக்கூடாது என்று வாங்கவில்லை. இதெல்லாம் யோசிக்கிற மூளை எல்லோருக்கும் வராது.

அப்போது பரங்கிக்கொடி பூக்க ஆரம்பித்த நேரம். அத்தை கை தூளியில் தொங்குகிறது. ஊரில் எத்தனையோ கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தியவன் நான், பூவுக்குக் கல்யாணம் பண்ண மாட்டேனா? நீ நிம்மதியாக இரு என்று அவளைப் படுக்க வைத்துவிட்டு விடியற்காலையில் நானே கொல்லைக்குப் போனேன். அடியில் குண்டாகப் பிஞ்சு வைத்திருந்தால் அது பெண் பூ, வெறும் காம்பாக இருந்தால் ஆண் பூ. இது எனக்குத் தெரியும். பெண் பூவையெல்லாம் பதனமாகப் பிஞ்சோடு பறித்துக் கூடையில் அடுக்கி, ஒவ்வொன்றாக ஆண் பூவிடம் கொண்டுபோய்த் தடவிவிட்டேன். வேலை சுத்தமாக முடிந்தது. கூடையோடு வந்து உன் அத்தையிடம் காட்டினேன். அவள் கூடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஆண் பூவைத்தான் பறித்துக்கொண்டு பெண் பூவிடம் போகணுமாம். பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்துப் போவதுதானே முறை என்று கேட்டேன்.

"அது நமக்குயா. பரங்கியில மாப்ளதான் பொண்ணு வூட்டுக்கு வரணும்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள் பார், மாவுக்கட்டு கிடுகிடு என்று ஆடுகிற அளவுக்குச் சிரிப்பு. கை ஒடிந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள். அவளைச் சிரிக்க வைக்கத்தான் நான் வேண்டுமென்றே அப்படிச் செய்தேன் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை.

அதற்கப்புறம்தான் உனக்குப் போன் போட்டு, சும்மா பொது அறிவுக்காகக் கேட்பதுபோல, தேனீ வருவதற்கு என்ன மரம் வைக்கலாம் என்று கேட்டேன். நீயும் முருங்கை வை, அகத்தி வை, புங்கன் வை, வேம்பும் நாவலும் வை, ஒன்று பூத்து முடியும்போது இன்னொன்று பூக்கிற மாதிரி பார்த்து வை, தேனீக்கும் வருஷம் பூராவும் சோறு வேண்டும் இல்லையா என்றாய். கடைசியாக ஒன்று சொன்னாய், அது மட்டும் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்குது. "பூ நமக்கு அழகா இருக்குதான்னு பாக்காத மாமா. தேனீக்கு உள்ள நொழய வழி இருக்குதான்னு பாரு."

நல்ல யோசனைதான். ஆனால் நீ சின்னப் பெண். முருங்கையும் புங்கனும் ஒரு மரமா? ரோட்டுக்கு ரோடு நிற்கிறது. கலியபெருமாள் தேனீயைக் கூப்பிடுகிறான் என்றால் அதற்கு ஒரு எடுப்பு வேண்டாமா? அதோடு புங்கன் வளர்ந்து பூக்கிறதுக்குள் உனக்குப் பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போய்விடும். நமக்குக் காய் வேண்டியது இந்தத் தைக்கு. ஆகவே கடலூர் ரோட்டில் இருக்கிற ஒரு நர்சரிக்கு நேரில் போனேன். என்னைப் பார்த்ததும் நர்சரிக்காரன் எழுந்து நின்றான். தொட்டியிலேயே பூத்து நிற்கிற மரமாகக் காட்டு என்றேன். இவர் லேசில் மசிகிற ஆள் இல்லை என்று புரிந்துகொண்டு உள்ளே அழைத்துப் போய்க் காட்டினான். அடுக்கரளி, ஒரு பூவுக்குள் நாலு பூவை வைத்துத் தைத்த மாதிரி. அடுக்குச் செம்பருத்தி, குஞ்சம் குஞ்சமாக. வெள்ளைக் கள்ளிமந்தாரை ஒன்று, வாசனை ரோடு வரைக்கும் வருது. ஒற்றைப் பூவுக்கே தேனீ வருமென்றால் அடுக்குப் பூவுக்கு நாலு மடங்கு வராதா? இந்தக் கணக்கை உன் காலேஜில் ஏன் சொல்லித் தரவில்லை என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

வடக்கு வேலி ஓரம் வரிசையாகக் குழி தோண்டி வைத்தேன். ஊரே வந்து பார்த்தது. ஊர் என்றால் பக்கத்துக் கொல்லை சாமிக்கண்ணு. தேனீ எப்போது வரும் என்று கேட்டான். நாளைக் காலை என்றேன். மறுநாள் காலையில் வந்து நின்றான். அதற்கு மறுநாளும் வந்தான். தேனீ வருதோ இல்லையோ சாமிக்கண்ணு தவறாமல் வந்தான். நானும் பழைய பானை ஒன்றைக் கவிழ்த்து உள்ளே வெல்லப்பாகு தடவி, தேனீ தங்குவதற்கு வீடு கட்டி வைத்தேன். கட்டெறும்பு குடிவந்தது. ஒரு நாள் ஒரே ஒரு தேனீ எங்கிருந்தோ வந்து அடுக்குச் செம்பருத்தியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. நான் மூச்சுவிடாமல் நின்றேன். இதழுக்கு மேல் இதழ், அதற்கு மேல் இதழ், உள்ளே போக வாசலே இல்லை. பாவம், பூட்டிய வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது. கள்ளிமந்தாரையைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். வாசனை ஊரைத் தூக்குது, உள்ளே ஒரு சொட்டுத் தேன் கிடையாது.

"இன்னா மச்சான், மரம் அப்படியே உன்ன மாதிரியே வாங்கியாந்திருக்கிற" என்றான் சாமிக்கண்ணு. அவன் புகழ்ந்துதான் சொன்னான் என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன், நின்று படி. தெற்கு வேலி மூலையில் ஒரு இலந்தை மரம் இருக்கிறதே, அது உன்னுடைய மரம். உன் அம்மா கண்ணை மூடின வருஷம் நீ சின்னப் பிள்ளையாக இங்கே வந்தாய். யாரோடும் பேச மாட்டாய். பள்ளிக்கூட வாசலில் விற்கிற இலந்தைப்பழத்தை வாங்கிவந்து வேலி ஓரம் உட்கார்ந்து தின்றுவிட்டுக் கொட்டையைத் துப்பிக்கொண்டே இருப்பாய். அதில் ஒன்று முளைத்தது. ஆடு கடிக்காமல் இருக்க உன் அத்தை அதன்மேல் ஓட்டைக் கூடை ஒன்றைக் கவிழ்த்து வைத்தாள். முள்ளு மரம் கொல்லைக்குள் எதற்கு என்று நான் கேட்டதற்கு, அந்தப் பெண் இந்த வீட்டில் தன் கையால் செய்தது இது ஒன்றுதான், இருக்கட்டும் என்றாள். கையால் இல்லை, வாயால் என்று நான் திருத்தினேன். அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

வருஷா வருஷம் புரட்டாசியில் அதன் கிளைகளை வெட்டி வேலிக்கு முள் போடுவது என் வழக்கம். பூக்கிறதுக்கு முன்னாலேயே மொட்டையாக நிற்கும். இந்த வருஷம் மட்டும், அதாவது, தேனீக்கு வேண்டுமே என்ற தொலைநோக்கில், நான் அதை வெட்டாமல் விட்டேன். ஐப்பசியில் கிளை தெரியாமல் பூத்தது. பூ என்றா சொல்வது அதை. கடுகு அளவு, பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம், இருக்கிறதே தெரியாது. வாடை மட்டும் தெரியும், அந்தப் பக்கம் போனால் மூக்கைப் பொத்திக்கொள்ளணும். கோயிலுக்கு ஆகாது, கொண்டைக்கு ஆகாது.

உன் அத்தை இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து பகலில் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மாவுக்கட்டு அவளை உட்கார வைத்தது. அன்றைக்குக் காலையில் இலந்தை மரத்தடியில் மணையைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் அரிவாளோடு அந்தப் பக்கம் போனேன். அரிவாள் எதற்கு என்று கேட்காதே, சாணை பிடித்திருந்தேன், காற்றாட எடுத்துப் போனேன்.

"இந்தாயா, இப்படி வா. சத்தம் போடாம வா" என்றாள்.

போனேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் காதில் விழுந்தது. மரம் முழுக்க, மேலேயிருந்து கீழே வரைக்கும், தூரத்தில் கல்யாண வீட்டில் சனம் பேசுகிற மாதிரி ஒரு சத்தம். தேனீ, மஞ்சுளா. சின்னத் தேனீ, கொசு அளவுத் தேனீ, பச்சை ஈ, வண்டு, பேர் தெரியாத எது எதுவோ. அந்த நாத்தம் பிடித்த கடுகுப் பூவில் எதுவும் பூட்டி இல்லை, எல்லாம் திறந்த வாசல். தின்று முடித்ததும் அதில் சிலது கீழே இறங்கி, பக்கத்தில் படர்ந்திருந்த பரங்கிப்பூவுக்குள் நுழைந்து, மஞ்சள் பூசிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போவதை இரண்டு பேரும் பார்த்தோம். உன் அத்தை மாவுக்கட்டுக் கையைத் தூக்கி ஒன்றொன்றாகக் காட்டினாள். வெயில் ஏறுகிறவரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். கஞ்சி குடிக்கக்கூட மறந்துபோனது. அரிவாளை எங்கே வைத்தேன் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

அப்புறம் என்ன, பிஞ்சு பிடித்தது. ஒன்றா இரண்டா, கொடி தாங்காமல் தவிக்கிற அளவுக்குக் காய். பெரியது ஒன்று இருக்கிறது, இரண்டு ஆள் பிடித்துத்தான் புரட்டணும். மார்கழி பிறந்ததும் தெருப் பெண் பிள்ளைகள் கோலத்துச் சாணி உருண்டையில் வைக்கப் பரங்கிப்பூ கேட்டு வந்தார்கள். வேண்டுமட்டும் பறித்துக்கொள்ளுங்கள் என்று தாராளமாகக் கொடுத்தேன். அப்படியும் கொடியில் ஒரு டஜன் காய் மிச்சம். அடுக்குப் பூ மரங்களையும் கள்ளிமந்தாரையையும் கோயில் நந்தவனத்துக்கே கொடுத்துவிட்டேன், அம்மனுக்கு ஆகட்டும். அந்தக் குழிகளில் கிளையை ஒடித்து நடுகிற முருங்கைப் போத்தும், அகத்தி விதையும், புங்கங்கன்றும் நீ சொன்ன வரிசையிலேயே வைத்தாகிவிட்டது. நீ சொன்னதால் இல்லை, எனக்கே தோன்றியது.

ஆகவே தலைப்பொங்கல் சீர் குறையில்லாமல் வருகிறது. நம்ம தங்கவேல் காய்கறி ஏற்றிக்கொண்டு வேனில் ஓசூர் மார்க்கெட்டுக்கு வருகிறான். அவனிடம் அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு, டஜனில் பெரிய பரங்கிக்காய் எல்லாம் கட்டி அனுப்பியிருக்கிறேன். இறக்கும்போது மாப்பிள்ளையை இடுப்பைப் பிடித்துக்கொள்ளச் சொல். கம்பெனியில் லீவு கிடைக்காது என்றாய், பரவாயில்லை, வர முடியவில்லையே என்று மனசில் வைத்துக்கொள்ளாதே. உன் அத்தையும் ஒன்றும் நினைக்கவில்லை. அவளுக்கு வேலையே சரியாக இருக்கிறது, உன்னை நினைக்க ஏது நேரம். பானை பொங்கும்போது கிழக்குப் பக்கம் வழிகிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்.

பால் பொங்குவதுபோல் உன் குடும்பம் பொங்க, உன் தலைமாட்டில் என் தங்கச்சியும் கால்மாட்டில் அந்த அம்மனும் காவல் நிற்க, வாயார வாழ்த்தும்

உன் மாமன்
கலியபெருமாள்

பின்குறிப்பு: உன் அத்தை குளத்திலிருந்து வந்துவிட்டாள். என்ன எழுதியிருக்கிறாய், படி என்றாள். படித்தேன். மணிக்கட்டு விஷயம் வந்த இடத்தில், சத்தியம் வாங்கிய என் தலையை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் நான் சொல்லச் சொல்ல எழுது என்று எதிரில் உட்கார்ந்துவிட்டாள். தங்கவேல் வெளியே ஆரன் அடித்துக்கொண்டிருக்கிறான்.

இலந்தையை நான் தொலைநோக்கில் விடவில்லையாம், ஆஸ்பத்திரிக்கு அலைந்ததில் வெட்ட மறந்தேனாம். அன்றைக்கு அரிவாள் எடுத்துப் போனது அந்த மரத்தை அடியோடு சாய்த்துவிட்டு அங்கே கள்ளிமந்தாரையைப் பெயர்த்து நடுவதற்காம். கோயிலில் அடுக்கரளியையும் அடுக்குச் செம்பருத்தியையும் வாங்கிக்கொண்டார்கள், கள்ளிமந்தாரையைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம், இடமில்லை என்று. முருங்கைப் போத்தும் மற்றதும் வைத்தது அவளாம், ஒற்றைக் கையால். டஜன் காய் என்று எழுதியது பொய்யாம். கோலத்துக்கு நான் தாராளமாகப் பறிக்கச் சொன்னபோது தெருப் பிள்ளைகள் பிஞ்சுப் பூவையும் சேர்த்துப் பறித்துவிட்டார்களாம். அந்த வாரம் நம் தெருச் சாணி உருண்டைக்கு இருந்த எடுப்பு எந்தத் தெருவுக்கும் இல்லை, அதையும் எழுதட்டுமா என்றால் எழுத வேண்டாம் என்கிறாள். காய் ஒன்றே ஒன்றுதான். அதற்கு முன்னாலேயே பிடித்து இலந்தை வேருக்குப் பக்கத்தில் இலைக்கு அடியில் மறைந்து கிடந்ததால் தப்பித்தது. இரண்டு ஆள் வேண்டாம், ஒரு கையால் தூக்கலாம்.

அந்த ஒன்றும் இன்னும் கொடியில்தான் இருக்கிறது. அறுக்க விட மாட்டேன் என்கிறாள். தேனீயைக் கூப்பிட்டது யார் மரமோ, அவள் வந்து தன் கையால் அறுக்கட்டும் என்கிறாள். சீர் மூட்டையையும் வேனிலிருந்து இறக்கச் சொல்லிவிட்டாள். தங்கவேல் கையில் வருவது இந்தக் கடுதாசி மட்டும்தான். அவன் வேன் திரும்பி வரும்போது காலியாகத்தான் வரும். மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அதிலேயே ஏறி வந்துவிடு. லீவு கேட்டுத் தராவிட்டால் அந்த ஆபீசரிடம் என் பேரைச் சொல். பரங்கியில் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்கு வரணும், தலைப்பொங்கலுக்கும் அப்படியே வைத்துக்கொள்வோம் என்கிறாள் உன் அத்தை. மேலே நான் எழுதியதில், அவள் ஒன்றும் நினைக்கவில்லை என்ற இடத்தையும் அடிக்கச் சொன்னாள். பேனா புதுசு, அடித்தால் அசிங்கமாகத் தெரியும் என்று விட்டுவிட்டேன். நீயே அடித்துக்கொள்.

இலந்தை பழுக்க ஆரம்பித்துவிட்டது. வடக்கு வேலியில் ஒரு குழி இன்னும் காலியாகக் கிடக்கிறது. தின்றுவிட்டு, கொட்டையை அந்தப் பக்கமாகத் துப்பு.